மேடையில் இவர் சொன்ன பதில்

ஜூன் 5, 1998. வெள்ளி.

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் காயப்போட்ட மகள் உமாவின் பாவாடை அடுத்த வீட்டு முருங்கை மரத்தில். பள்ளி திறந்த முதல் வாரம், ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அழுகை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பனங்கற்கண்டு வாங்க வேண்டும்.

காலையில் இவர் பல் தேய்க்கும்போது வாயெல்லாம் ரத்தம். “புது பிரஷ்லா, குத்திட்டு” என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

சாயங்காலம் லிங்கம் அண்ணாச்சி பேட்டையிலிருந்து ஜீப்பில் வந்தார். வடக்கே அணுமின் நிலையத்துக்குக் குழாய் வேலைக்கு இவரை அனுப்பிய காண்ட்ராக்டர். ஏழு வருஷம் அங்கே இருந்துவிட்டு மாசியில்தான் ஊர் திரும்பினார் இவர். இப்போது நம் கடற்கரையிலேயே அப்படி ஒரு நிலையம் வரப்போகிறது. சுற்று ஊர்களில் ஜனங்கள் பயப்படுகிறார்களாம். 21-ம் தேதி ஞாயிறு, இங்கே வள்ளியூர் கல்யாண மண்டபத்தில் விளக்கக் கூட்டம்.

“அதிகாரி பேசுனா எவன் நம்புவான்? உள்ள நின்னு வேல பாத்த ஆளு, நம்ம ஊர்க்காரன், நீரு பேசணும் வே சங்கரன். நிரந்தர வேல, குவாட்டர்ஸ், குடும்பத்துக்கே ஆஸ்பத்திரி வசதி. எல்லாம் பேசி வச்சிருக்கேன்.”

அவர் போன பிறகு இவர் உமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஆடினார். இரண்டு சுற்று. பிறகு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 8, திங்கள்.

வெயில், தூசி. சத்துணவில் முட்டை வரவில்லை.

பள்ளியில் ரோஸ்லின் டீச்சர் என் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தாள், சாப்பிடவில்லை. கடற்கரை ஊர்க்காரி. அப்பா, அண்ணன், தம்பி எல்லாருக்கும் மீன்பிடிதான். நிலையத்துக்கு நிலம் அளக்கிறவர்கள் அவள் ஊருக்குப் பக்கத்தில் கல் நட்டிருக்கிறார்களாம்.

“ஒங்க வீட்டுக்காரரு அங்க இருந்தவருதான டீச்சர். உண்மையச் சொல்லுங்க, பயப்படணுமா? எங்க அம்மா உறங்கவே மாட்டேங்கா. சுடுதண்ணியக் கடல்ல விடுவாவளாம், மீனெல்லாம் போயிருமாம். பிள்ளையள் ஊனமாப் பொறக்குமாம்.”

இவர் வழக்கமாக என்னிடம் சொல்வதையே சொன்னேன். ஒன்றும் பயமில்லை, எல்லாவற்றுக்கும் சுவர் உண்டு, கணக்கு உண்டு. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நீங்க சொன்னா சரி” என்றாள்.

வீட்டுக்கு வந்து இவர் வேட்டியை மடித்துக் கட்டும்போது பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாக. அடி பட்டதா என்று கேட்டேன். எங்கேயோ இடித்திருக்கும் என்றார். இரண்டு காலிலுமா?

ஜூன் 11, வியாழன்.

இரவெல்லாம் காய்ச்சல். இங்குள்ள டாக்டர் நாக்கையும் ஈறையும் பார்த்தார், கண் இமையை இறக்கிப் பார்த்தார். மாத்திரை எழுதவில்லை. “தி.வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கே.”

எடுத்து வைக்க: போர்வை, பிளாஸ்க், இவர் கைலி 2, சோப்பு, பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுக்க, உமாவை அம்மா வீட்டில் முக்கூடலில் விட. எரிவாயு தீரப்போகிறது.

ஜூன் 13, சனி. தி.வேலி.

ரத்தம் நேற்று எடுத்தார்கள். இன்று இடுப்புக்குப் பின்னால் ஊசி போட்டு எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். இவர் சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பதநீர். குடிக்கலாமா என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

ஜூன் 15, திங்கள்.

ரத்தப் புற்றுநோய்.

எழுதிப் பார்த்தேன். எழுதினாலும் ஒன்றுமில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மதுரைப் பக்கம் போலிருக்கிறது. நிதானமாகச் சொன்னார். பிறகு கேட்டார், “என்ன வேலை பார்த்தீங்க?”

“பிட்டர் சார். குழாய் வேல.”

“எங்கே?”

“சர்க்கரை ஆலைல.”

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“எழுதிக்கிடுவாவ. எழுதுனா எங்கெல்லாம் போவும்னு ஒனக்குத் தெரியாது. அண்ணாச்சி காதுல விழுந்தா அந்த வேல போச்சு. வேலைல சேந்துட்டா வைத்தியம் அவங்க பொறுப்பு, புரியுதா? இந்த நோய்க்கு நாம எங்க போவோம்?”

நான் எழுந்து உள்ளே போனேன். டாக்டரிடம் சொன்னேன், சர்க்கரை ஆலை இல்லை, அணுமின் நிலையம், ஏழு வருஷம்.

அவர் பேனாவை மூடினார். “அதனாலும் வரலாம்மா. அங்கே போகாதவங்களுக்கும் வருது. இந்த வார்டிலேயே இருக்காங்க. இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. உடம்பில் எவ்வளவு பட்டதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் யோசிக்கலாம். அவங்க கணக்கு வச்சிருப்பாங்களே?”

அதை இவரிடம் வந்து கேட்டேன். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி மருந்து இன்றே ஆரம்பம்.

ஜூன் 17, புதன்.

மேகம். இரண்டு தூறல், அதோடு சரி. இவருக்கு வாந்தி.

மத்தியானம் தானாகவே சொன்னார். சட்டையில் ஒரு பட்டை குத்திக் கொடுப்பார்களாம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும். அளவு நிறைந்துவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். நிரந்தர ஆட்களுக்கு வேறு வேலை கொடுப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் கதிர் அதிகமுள்ள இடத்துக்குப் போகும்போது பட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்களாம். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

“ஒரு தடவ குழாய் ஒழுகிட்டு. தண்ணி தரையெல்லாம். வாளியும் துணியும் குடுத்து உள்ள விட்டாவ. ஓடிப் போயி தொடச்சிட்டு ஓடி வரணும், அடுத்த ஆளு போவணும். நான் நாலு மட்டம் போனேன். கூட வேல பாத்த ஜோசப்புக்குப் பயம், அவன் மொறையும் நானே போனேன்.”

“பட்டை?”

“ஆணில.”

அப்போது தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ.

“தண்ணி மாதிரிதான் இருந்துச்சு ஏட்டி.”

ஜூன் 20, சனி.

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அனுமதி கேட்டு ஒரு நாளைக்கு வீட்டுக்கு வந்தோம். டாக்டருக்கு இஷ்டமில்லை. கூட்டத்துக்குப் போயே தீருவேன் என்று இவர் பிடிவாதம். தாடியை மழிக்கவும் பயம், கீறினால் ரத்தம் நிற்காது. கத்திரியால் நான்தான் வெட்டிவிட்டேன். வெள்ளைச் சட்டை தொளதொளவென்று இருந்தது.

“என்ன சொல்லப் போறீங்க?”

“அண்ணாச்சி சொன்னதத்தான்.”

சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். உமாவுக்கு அப்பா வேண்டும். மருந்து வேண்டும். ரோஸ்லின் முகமும் நினைப்பில் வந்தது.

ஜூன் 21, ஞாயிறு.

மண்டபம் நிறைய ஜனம். கடற்கரைப் பெண்கள் முன் வரிசையில், தரையில். கலர் படங்கள் ஒட்டிய பலகைகள். எல்லாருக்கும் ஒரு பொட்டலத்தில் லட்டும் மிக்சரும். மெட்ராஸ் பேச்சுக்கார அதிகாரி நன்றாகவே பேசினார். வெயிலிலும் கதிர் இருக்கிறது, எக்ஸ்ரேயிலும் இருக்கிறது, நாம் பயப்படுகிறோமா என்றார். சிலர் கை தட்டினார்கள்.

பிறகு இவர். மேசையில் ஒரு கையை ஊன்றித்தான் நின்றார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

“நான் ஏழு வருசம் உள்ள வேல பாத்தவன். இந்தா ஒங்க முன்னால நிக்கேன். நம்ம பிள்ளையளுக்கு வேல வருது. வேண்டாம்னு சொல்லாதீக.”

பெரிய கைதட்டல். அண்ணாச்சி மேடை ஓரத்தில் சிரித்தபடி. ரோஸ்லின் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முன் வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். ரோஸ்லினின் அம்மா அருளம்மாள். சண்டைக்கு எழுந்த மாதிரி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நல்லாப் பேசுன தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்கூடப் பொறந்த தம்பி ஒருத்தன் இருந்தா, நீ பாத்த அந்த வேலைக்கு அவன அனுப்புவியா?”

இவர் வாயைத் திறந்தார். மூடினார். 

“அனுப்ப மாட்டேம்மா.”

இவர் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

“எனக்கு ரத்தத்துல புத்துநோய். அங்க பாத்த வேலையாலதான் வந்துச்சான்னு டாக்டருக்கே தெரியல. எனக்கும் தெரியல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அனுப்ப மாட்டேன்.”

அண்ணாச்சி வந்து மைக்கை வாங்கினார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். படம் ஒட்டிய பலகை ஒன்று சரிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போய்ச் சேர எனக்கு வெகு நேரமானது. இவர் படியில் உட்கார்ந்திருந்தார், மூக்கிலிருந்து ரத்தம். அருளம்மாள் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பைய, பைய. தலையத் தூக்காத மக்கா.”

ஜூன் 22, திங்கள். தி.வேலி.

மறுபடி வார்டு. லிங்கம் அண்ணாச்சி வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“என்ன வே இப்பிடிப் பண்ணிட்டீரு. எங்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா அந்த மேடைல ஏத்தியிருப்பேனா?”

அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். பதிவேட்டில் பார்த்தால் இவர் உடம்பில் பட்ட அளவு வரம்புக்கு ரொம்பக் கீழேயாம். அங்கே வேலை பார்த்ததற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையாம்.

பட்டை ஆணியில் தொங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அங்கே இன்னும் நம் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களையும் அனுப்பிவிடுவார்கள் என்று பிறகு சொன்னார்.

வேலை கிடையாது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை.

ஜூன் 26, வெள்ளி.

துணி எடுக்க வள்ளியூர் போனேன். காற்றில் ஓடு இரண்டு போயிருக்கிறது. அடுத்த வீட்டு அக்கா வாசலிலேயே நின்று கேட்டாள்.

“தப்பா நெனைக்காத பார்வதி. அது ஒட்டுமா? இல்ல, எங்க வீட்டுப் பிள்ள ஒங்க தண்ணிக் கொடத்துல மோந்து குடிக்கும்லா, அதான்.”

ஒட்டாது என்றேன். தலையாட்டினாள். இவர் முன்பு அவர்களிடம் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்தேன். விரல் நுனியால் வாங்கிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தாள். உள்ளே எடுத்துப் போகவில்லை.

இவர் சொன்னதைக் கேட்டு ஊர் கதிருக்குப் பயப்படும் என்று நினைத்தேன். இவருக்குப் பயப்படுகிறது.

முக்கூடல் போய் உமாவைப் பார்த்தேன். ஆற்றில் நல்ல தண்ணீர். மாமாவோடு குளித்தாளாம். அப்பாவுக்கு என்ன என்று கேட்கவில்லை. எப்போது வருவார் என்று கேட்டாள்.

ஜூலை 2, வியாழன்.

முடி கொட்டுகிறது. தலையணை உறையை வெளியே போய் உதறினேன்.

ரத்தம் ஏற்ற வேண்டும். எடுப்பதற்கு ஈடாக ஆட்கள் வந்து கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இவர் பெரியப்பா மகனுக்குச் சொல்லி அனுப்பினேன், வேலை இருக்கிறதாம். என் சின்ன மாமா கொடுத்தார். இன்னும் வேண்டும். ரோஸ்லினிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் பயமில்லை என்று சொன்னவள் நான்தானே.

அவளே பள்ளியில் கேள்விப்பட்டிருக்கிறாள்.

ஜூலை 4, சனி.

காலையில் மீன் வேனில் ஆறு பேர். ரோஸ்லினின் அண்ணன், தம்பி, மற்றவர்கள் அவர்கள் ஊர் ஆட்கள். அருளம்மாளும் கூட. வார்டு முழுக்கக் கருவாட்டு வாசனை. நர்ஸ் முகம் சுளித்தாள். இவர் மூச்சை நன்றாக இழுத்து, “கடல் வாசன” என்றார். சைவப்பிள்ளை வீட்டில் பிறந்தவர் சொல்கிற பேச்சு! வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஆறில் நான்கு பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததாம், ரோஸ்லினின் தம்பி வெறும் வயிற்றோடு வந்ததால் இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

ஜூலை 9, வியாழன்.

புழுக்கம். டாக்டர் இன்று என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். மருந்துக்கு நோய் கேட்கவில்லையாம். இன்னொரு மருந்து பார்க்கலாம், வேலூர் போக முடியுமா என்றார். இவர் பிரயாணம் தாங்குவாரா என்று கேட்டேன். கையிலிருந்த சீட்டைப் புரட்டினார்.

மத்தியானம் ரோஸ்லினின் தம்பி சூசை திரும்ப வந்தான், போன முறை அவனிடம் எடுக்கவில்லை என்று. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பஞ்சைக் கையில் அழுத்தியபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“டீச்சர், திங்கக்கெழமலேருந்து நான் அந்த அணு நிலையத்துக்கு வேலைக்குப் போறேன். மதில் கட்டுதாவ. கல்லு சொமக்க ஆள் வேணும்னு பேட்டை லிங்கம் அண்ணாச்சி கூப்பிட்டாரு. அம்மைக்குத் தெரியாது. நாலு மாசமா வலை மடியில மீனு ஒண்ணும் படல.”

இவர் உறங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்திருந்தார்.

“மதிலுதானா?”

“இப்பம் மதிலுதான் அண்ணே.”

இவர் அவன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். திட்டுவார் என்று அவனும் காத்திருந்தான். நானும்தான்.

“ரத்தம் குடுத்துருக்க. வெயில்ல நடக்காத லே. சாப்ட்டுட்டுப் போ.”

கேரியரில் இருந்த தயிர்ச்சாதத்தைப் போட்டுக் கொடுத்தேன். தலை குனிந்து சாப்பிட்டான். இவர் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இன்னும் இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்கிறார்கள்.