அம்மாவுக்கு டியூட்டி

ஆவடி,
2.5.2025

அன்புள்ள ஜெயசீலிக்கு,

நலம். நீயும் ரெனிதாவும் வானகரத்தில் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால் எதுவாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று நம் சர்ச் ஃபாதர் சொன்னது நல்லதுக்குத்தான். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது. கோபித்துக்கொள்ளாதே, விளையாட்டுக்குச் சொன்னேன்.

ரெனிதாவின் பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று நீ அனுப்பிய தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீ மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போவதையோ அவளைக் கூட்டிப்போவதையோ நான் தடுக்கவில்லை. அதற்கு முன் எனக்குப் பத்து நாள் அவளைக் கொடு. பன்னிரண்டு வயதாகிறது, என் பக்கத்துச் சொந்தத்தில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. எங்கள் ஃபாக்டரி செக்‌ஷன் டில்லிபாபு அவனுடைய ஆம்னி வேனைத் தருகிறான். திண்டிவனத்தில் சித்தப்பா, திருச்சியில் அத்தை, கடைசியாகத் தூத்துக்குடியில் அக்கா. பகலில் வீடுகளுக்குப் போவோம், இரவில் டென்ட் போட்டுத் தங்குவோம்.

டென்ட் வாங்கிவிட்டேன். முத்தாபுதுப்பேட்டை மைதானத்தில் விரித்துப் பார்த்தேன், நிமிர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. டில்லிபாபு வேடிக்கை பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, சொந்தக்காரங்க ஊடு மூணு கீது, நீ இன்னாத்துக்கு துணிக்குள்ள படுக்கப் போற?" என்றான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று சொல்லி வைத்தேன்.

திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
சத்தியராஜ்


வானகரம்,
4.5.2025

ரெனிதா அப்பாவுக்கு,

"திரும்பி வந்ததும்" என்ற வார்த்தையை நான்கு முறை படித்தேன். பிள்ளையைக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ராமநாதபுரத்தில் எனக்குக் கிடைத்த அரசு வேலை ஆர்டரை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, "இன்னும் வரலையே" என்று தினமும் என்னோடு சேர்ந்து தபால்காரரைத் திட்டியவர் நீங்கள். சேர வேண்டிய தேதி முடிந்து பதினோரு நாள் கழித்து நானே அதை எடுத்தேன். பத்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் குவார்ட்டர்ஸை விட்டு வந்தேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ.

ரெனிதா வருவாள். அவளுக்கே ஆசை, பை கட்டிவிட்டாள். தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் என்னோடு பேச வேண்டும். 18ஆம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவள் இங்கே இருக்க வேண்டும். அவளுக்கு வீசிங் வந்தால் போட வேண்டிய பம்ப் நீல டப்பாவில் இருக்கிறது.

இன்னொன்று. நாம் தனித்தனியாகி இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். போகிற இடமெல்லாம் பிள்ளையிடம் அம்மா எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் மூன்று வீட்டுக்கும் போன் செய்து நீங்களே சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஜெயசீலி


உளுந்தூர்பேட்டை அருகில்,
10.5.2025

அன்புள்ள ஜெயசீலிக்கு,

இங்கே ஒரு சின்ன மாதா கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பங்குத்தந்தையிடம் கேட்டுத்தான் டென்ட் போட்டோம். காலை ஏழு மணிக்கே உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆகிவிடுகிறது. ரெனிதா இப்போது பத்து நிமிடத்தில் டென்ட்டை நிமிர்த்துகிறாள், என்னைக் கம்பி பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறாள். அதிகாரத்தில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

நேற்று திண்டிவனத்தில் சித்தப்பா வீட்டில் நல்ல சாப்பாடு. நீ சொன்னதை நான் மறக்கவில்லை. போனில் சொல்வதைவிட நேரில் சொல்வதுதான் மரியாதை என்று விட்டுவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "மருமக எங்கடா?" என்றார். உடனே ரெனிதா, "அம்மாவுக்கு ஐசியூவுல டியூட்டி, சின்ன தாத்தா. லீவு குடுக்கலை" என்றாள். அதற்குமேல் நான் எப்படிப் பேச்சை எடுப்பது? அவர் வேறு ரத்த அழுத்தக்காரர்.

எனக்கு ஒரு யோசனை. 14ஆம் தேதி தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருப்போம். நீ முந்தின நாள் எழும்பூரில் ரயில் ஏறினால் காலையில் வந்துவிடலாம். ஒரு நாள், ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். அக்காவுக்கு உன் மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்கே தெரியும். நீ பக்கத்தில் இருந்தால் நிதானமாக எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்.

பதிலை அக்கா முகவரிக்கே எழுது.

அன்புடன்,
சத்தியராஜ்


வானகரம்,
12.5.2025

ரெனிதா அப்பாவுக்கு,

இன்று காலை உங்கள் திருச்சி அத்தை எனக்குப் போன் செய்தார். "காய்ச்சல் குறைஞ்சிருச்சாம்மா? டைபாய்டுன்னா பத்தியமா இருக்கணும்" என்றார். எனக்கு டைபாய்டு என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "குறைஞ்சிடுச்சு அத்தை" என்று சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பொய்க்காரி என்று காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று ஏழு மணிக்கு ரெனிதா பேசினாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் ஒரு வார்த்தைதான் பதில். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அம்மா, தூத்துக்குடில கேட்டா டியூட்டின்னு சொல்லட்டா, காய்ச்சல்னு சொல்லட்டா?" என்றாள். என் பிள்ளை என்னிடமே கேட்கிறாள். இதை நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நான் உங்கள் அக்கா வீட்டில் ஒரு நாள் மனைவியாக வந்து உட்கார மாட்டேன். அக்காவுக்கு உண்மை தெரியாவிட்டால், நீங்கள் சொன்ன அதே ரயிலில் 15ஆம் தேதி ஏறி வந்து என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவேன். கையெழுத்துப் போடாவிட்டால் போங்கள், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கவரில் அனுப்புநர் முகவரியை வானகரம் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

ஜெயசீலி


தூத்துக்குடி,
15.5.2025

ஜெயசீலிக்கு,

உன் கவரை நேற்று மதியம் அக்காதான் வாங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல சத்தியா, ஒம் பொண்டாட்டி ஆவடியிலதான இருக்கா? இதுல வானகரம்னு போட்ருக்கு?" என்றாள்.

நர்ஸ் ஹாஸ்டல் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ரெனிதாவைப் பார்த்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நோட்டை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். திண்டிவனம், அம்மாவுக்கு டியூட்டி. திருச்சி, அம்மாவுக்கு டைபாய்டு. தூத்துக்குடி என்று எழுதி எதிரில் இடம் விட்டிருந்தாள். மாற்றிச் சொல்லி அப்பாவை மாட்டிவிடக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறாள்.

ஜெயசீலி, திண்டிவனம் வருவதற்கு முன் வண்டியில் வைத்து நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். டைபாய்டும் நான் சொன்னதுதான். டென்ட்டும் பிள்ளைக்காக இல்லை. வீட்டில் தங்கினால் சாயங்காலம் வீடியோ காலில் உன்னைக் காட்டச் சொல்வார்கள், அதற்குப் பயந்துதான் வாங்கினேன். உன் தாளை இங்கே கொண்டுவந்திருந்தேன். நீ வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் மனம் மாறும், கையெழுத்தே தேவைப்படாது என்று நினைத்தேன். இந்தப் பயணமே அதற்குத்தான்.

அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு வருஷமா நாங்க சேர்ந்து இல்லைக்கா. தப்பு என்னுது" என்றேன். ஆர்டரை ஒளித்து வைத்ததையும் சொன்னேன். ரெனிதாவுக்கு அது தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நீ அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாய்.

அக்கா கவரைக் கீழே வைத்தாள். பிறகு, "ஏம்ல ஒளிச்ச?" என்றாள். போய்விடுவாள் என்று பயம் என்றேன். "இப்ப மட்டும் போவாம இருந்துட்டாளாக்கும்?" என்று எழுந்து போய்விட்டாள். ரெனிதா நோட்டை மூடிவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். சாயங்காலம் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போன் செய்து சொன்னேன். சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, என்னைத்தான் அரை மணி நேரம் திட்டினார்.

தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளையையும் தாளையும் ஒரே கையால் கொடுத்தால் அது பேரம். தாள் முன்னால் வந்து சேரட்டும். ஞாயிறு ஆறு மணிக்குப் பிள்ளை வருவாள்.

சத்தியராஜ்


வானகரம்,
17.5.2025

அன்புள்ள ரெனிதா அப்பாவுக்கு,

தாள் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. திங்கட்கிழமை விண்ணப்பம் போடப்போகிறேன், ஜூலையில் கிளம்புகிறோம். அதில் எந்த மாற்றமும் இல்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

ஆர்டர் விஷயத்தை ரெனிதாவிடம் நான் சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்பா வேண்டும். மஸ்கட்டிலிருந்தும் தினமும் ஏழு மணிக்கு உங்களோடு பேசுவாள். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் பார்க்க மாட்டேன், அவளே கிழித்துப் போடட்டும்.

உங்கள் அக்கா நேற்று போன் செய்தார். என்னை ஒரு வார்த்தை குற்றமாகக் கேட்கவில்லை. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்றார், அப்புறம் அழுதார். தப்பு முழுவதும் உங்களுடையது இல்லை என்று நான் சொன்னேன். பீரோவில் ஆர்டரை எடுத்த அன்றே சண்டை போட்டு முடித்திருக்கலாம். பத்து மாதம் உங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் சோறு மட்டும் போட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

நீங்கள் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். சொல்லவில்லையே என்று தினமும் எரிந்தேன். இன்று டியூட்டி ரூமில் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது. நீங்கள் மறைத்துக்கொண்டே இருந்தவரை நான் எங்கேயோ உங்கள் மனைவியாகத்தான் இருந்திருக்கிறேன். இப்போது இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

இதைத் தபாலில் அனுப்பவில்லை. நாளை நீங்கள் ரெனிதாவை விட வரும்போது வாசலில் வைத்துக் கையில் கொடுப்பேன். அங்கே நின்று பிரிக்க வேண்டாம். ஆவடிக்குப் போய்ப் படியுங்கள்.

ஜெயசீலி