உருளையடி மரியாதை

மாப்ள,

உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் ஊறிப்போன தேங்காய்நார் வாசம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்று காலையில் எங்கள் ஊரில் தெப்பம் ஓடியது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உனக்குத்தான் எழுதத் தோன்றியது. செத்துப்போனவனுக்கு மடல் எழுதுகிற அளவுக்கு உன்மேல் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் இருக்கிறது.

என் தங்கையை உனக்குக் கட்டிக்கொடுத்தபோது இதெல்லாம் இல்லை. அத்தை மகன், ஒத்த வயது, தூத்துக்குடியில் தோணி வேலை. பாய் கட்டிய தோணியில் கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போய்வருகிறவன். நீ ஊருக்கு வந்தால் போதும், சமணர் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சனமெல்லாம் எங்கள் வாசலில் வந்து குந்திக்கொள்ளும். கடலைக் கண்ணால் பார்த்திராத சனம். நான் சந்தையில் அருமையான உழவு மாடு பிடித்துக்கொண்டு வந்து நிற்பேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான். "அப்புறம் என்னாச்சு மாப்ள?" என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். நீயும் விடுவாயா? பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கிற விஞ்சு உருளையைப் பற்றி ஆரம்பித்துவிடுவாய்.

"காத்து மாறி அடிக்கயில கயிறு ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறிக்கிரும். அப்ப இழுத்தீகன்னா செத்தீக. இழுக்க இழுக்க இறுகும்!"

நான் என் மாட்டுக்கு நானே தண்ணீர் காட்டப் போய்விடுவேன்.

வாய்ப்பேச்சுத்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். எங்கள் தெப்பத்திலும் வந்து கைவைத்தாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உனக்குத் தெரியாததா? குளத்தின் தென்கிழக்கு மூலையில் கரை இடிந்து கிடக்கிறது. ஆள் நின்று வடம் இழுக்க முடியாது. அங்கே நட்டிருக்கும் மர உருளையில் தெப்பத்து வடத்தைச் சுற்றி, நாலு பேர் தள்ளித் திருப்பினால்தான் தெப்பம் மூலை திரும்பும். உருளையை நட்டது என் தாத்தா. அதனால் தெப்பம் திரும்பியதும் பூசாரி பரிவட்டம் கட்டுவது எங்கள் வீட்டுத் தலைக்கு. ஊரில் எங்களுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அப்பா போனபிறகு உருளையடியில் நான் நின்ற முதல் தெப்பம் அது. பாதி திரும்பியதும் உருளை நின்றுவிட்டது. தெப்பம் காற்றில் ஒரு பக்கமாக இழுத்ததில், சுற்றின் மேல் சுற்று ஏறி நசுங்கிக் கிடந்தது. "தள்ளுங்கடா! நல்லா அமுக்கித் தள்ளுங்கடா!" என்று நான்தான் கத்தினேன். தள்ளத் தள்ள இறுகியது. சாமி நடுத் தண்ணீரில் நிற்கிறது. ஊரே என்னைப் பார்க்கிறது.

நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாய். "மச்சான், தள்ளாதீக. விடுங்க." பக்கத்துத் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை வடத்தை அவிழ்த்து வரச் சொன்னாய். உருளைக்கும் தெப்பத்துக்கும் நடுவில், தெப்பத்து வடத்தில் அதைச் சுற்றி முடிந்து, பத்திருபது பேர் கையில் கொடுத்து, கரை இடியாத பக்கம் நின்று இழுக்கச் சொன்னாய். பாரம் முழுக்க அந்தக் கயிற்றுக்குப் போனது. உருளையில் கிடந்த சுற்று தொளதொளத்துவிட்டது. நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூக்கட்டுகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாய். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி நேராக வந்து பரிவட்டத்தை உன் தலையில் கட்டினார்.

நீயாவது சும்மா இருந்தாயா? அதை அவிழ்த்து, "இது மச்சான் வீட்டு மரியாதை சாமி, எனக்கு எதுக்கு?" என்று என் தலையில் கட்டினாய். துணியெல்லாம் உன் தலை எண்ணெய் வாசம். "தங்கமான மாப்ளடா!" என்று ஊர் உருகிப்போனது. என் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயே வைத்துக்கொண்டிருந்தால் ஊரைக் கூட்டி ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். கொடுத்துத் தொலைத்துவிட்டாயே! கொடுத்தவனோடு என்னவென்று சண்டை போடுவது?

ஜெர்மன் யுத்தம் தொடங்கிய வருடம் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். அதற்கும் இந்த ஊர், "கடலே தொட முடியாத ஆளு" என்று பெருமைதான் பேசியது.

உன் முடிச்சை நான் கற்றுக்கொண்டேன், தெரியுமா? ஒருத்தருக்கும் தெரியாமல், மாட்டுக்கொட்டத்தில், கன்றுக்குட்டிக் கயிற்றை வைத்துக்கொண்டு. கட்டுவதும் அவிழ்ப்பதுமாக வருடக்கணக்கில். உருளை இன்னொரு தடவை சிக்காதா என்று ஒவ்வொரு தெப்பத்துக்கும் காத்திருந்தேன். சாமியிடம் இப்படி ஒரு வேண்டுதல் வைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இன்று சிக்கியது. "தள்ளாதீகடா, விடுங்க!" என்று கத்தினேன், அப்படியே உன் குரல். கமலை வடம் வந்தது. முடிந்தேன். பாரம் மாறியது, சுற்று தொளதொளத்தது, தெப்பம் திரும்பியது. பரிவட்டம் கட்டினார்கள். இது யாரும் அவிழ்த்துக் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது. கட்டி முடித்ததும் என் கண் கூட்டத்தில் உன்னைத் தேடியது. ஊரெல்லாம் பார்த்தது, பார்க்க வேண்டிய பயல் பார்க்கவில்லையே.

மதிலோரம் என் தங்கை நின்றிருந்தாள். நீ போனபிறகு அவள் கூட்டத்துக்குள் வருவதில்லை. பரிவட்டத்தோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"நல்லாத்தாண்ணே கட்டுன," என்றாள். "அவுகன்னா இன்னும் ஒரு சுத்து போட்டிருப்பாக."

கூட்டம் கலைந்தபின் உருளையடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். தெப்பத்து வடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நார் பிய்ந்து கிடந்தது. என் முடிச்சு வழுக்கியிருக்கிறது.

அவளிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. கன்றுக்குட்டிக் கயிறு கொட்டத்தில்தான் தொங்குகிறது. நாளையிலிருந்து இன்னும் ஒரு சுற்று போட்டுப் பழக வேண்டும்.

உன் மச்சான்