ஊசி சிக்கிய ரெக்கார்டு

மாப்ளே,

நேற்று என் மகள் பெங்களூரிலிருந்து ஒரு ரெக்கார்டு வாங்கி வந்தாள். இப்போது அதுதான் மறுபடியும் நாகரிகமாம். உறையைக் கிழித்ததும் அந்தப் புது பிளாஸ்டிக் வாசம் வந்தது. அட்டையில் அதே நான்கு சடைமுடிக்காரர்கள், அதே முறைப்பு. "இந்த பேண்டெல்லாம் உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் எங்கிருந்து தொடங்குவது, சொல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சூலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கேசட் கடை வைத்திருந்தேன். மாற்றலாகிப் போன விமானப்படைக்காரர் ஒருவரிடம் இந்த ரெக்கார்டை வாங்கி, சினிமாப் பாட்டு பதிந்து பிழைக்கிற என்னிடம் கொண்டுவந்து "போடு மாப்ளே" என்றாய். முதல் டிரம்ஸ் அடிக்கே கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, உள்ள தகரத்தைப் போட்டு உருட்டறீங்களா?"

எனக்கும் அது தலைவலிதான். நீதான் விடவில்லை. "பதினாறு தறி ஓடற குடோன்ல வளந்தவன் மாப்ளே. மத்த பாட்டெல்லாம் எனக்குக் கொசு கத்தறாப்ல. இது ஒண்ணுதான் நெஞ்சுல வந்து உழுகுது." வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிடுவாய்.

உங்கள் தறிக்குடோனுக்குள் யாரும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. பேசினாலும் தறி இரைச்சலில் கேட்காது. நூல் அறுந்தது, சோறு வந்தது, அப்பா வருகிறார், எல்லாமே உதட்டசைவிலும் கையிலும்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அதே பழக்கம். அதனால்தான் உன் சங்கதி பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாமல் போயிற்று.

எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிறு மத்தியானம். இரண்டாம் பக்கத்தில் கீறல் விழுந்த இடத்தில் ஊசி சிக்கிக்கொண்டது. ஒரே அடி, ஒரே அலறல், திரும்பத் திரும்ப. டீக்கடைக்காரரே வந்து முறைத்துவிட்டுப் போனார். நீ ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் சந்தோஷம். நான் போய் ஊசியைத் தூக்கினேன். கையில் அதிர்வு நின்றதும்தான் கண் திறந்து என்னைப் பார்த்தாய்.

"எத்தனை நாளாடா காது இப்படி?" என்றேன்.

"ரெண்டு வருசம் இருக்கும்." என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நிச்சயம் ஆயிருச்சு மாப்ளே. இப்பத் தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்க. கல்யாணம் முடியட்டும், நானே அவகிட்டச் சொல்லிப்போடறேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அதோடு நின்றேனா? உடுமலைப்பேட்டையிலிருந்து உனக்கு நிச்சயமான பெண் என் கடை போனுக்குக் கூப்பிட்டபோது, ரிசீவரை என் காதில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் உதட்டசைத்து உனக்குச் சொன்னேன். நீ குனிந்து வந்து பேசினாய். நாம் ஒட்டிக்கொண்டு நின்ற கோலத்தை யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். "ஏனுங்க, நெசமாவே என்னைப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள். அதை உனக்குச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. "ரொம்பப் புடிச்சிருக்குதுங்க அம்மணி" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினாய்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. பத்திரிகைக் கட்டோடு திருச்சி ரோட்டோரம் நடந்து போனவன், சட்டென்று குறுக்கே இறங்கினாய். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்னை விடாமல் அடித்தானாம். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "திரும்பிக்கூடப் பாக்கலைங்க. நேராப் போய் உழுந்துட்டாப்ல."

சாவு வீட்டில் உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அத்தனை ஹார்ன் அடிச்சிருக்கான், எம்பையனுக்குக் கேக்காமயா இருந்திருக்கும் கண்ணு? உங்கிட்டச் சொல்லாம எதையும் வெச்சிருக்க மாட்டானே. புடிக்காத கல்யாணமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா."

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா. 'தெரிஞ்சும் ஏன் சொல்லலை?' என்று அந்தத் தாய் கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான். கோழைப்பயல் நான்.

மூன்றாம் நாளுக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. பெண்ணைப் பிடிக்காமல் பையன் லாரியில் விழுந்துவிட்டான். பேச்சு உடுமலைக்கும் போயிற்று. அதன் பிறகு வந்த வரன்களெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அவள் இன்றும் தனியாகத்தான் இருக்கிறாள், மாப்ளே. செத்தாவது தன்னிடமிருந்து தப்பிக்க ஒருத்தன் நினைத்தான் என்று நம்பிக்கொண்டு. போனில் நீ சொன்னதும் பொய்தான் என்று நினைத்திருப்பாள். அது பொய்யில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

இத்தனை வருடத்தில் இரண்டு முறை உடுமலை பஸ் ஏறினேன். முதல் முறை பாதியிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அடுத்த முறை அவள் வீட்டு வாசல்வரை போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. "யாருங்க வேணும்?" என்றாள். வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

இதை அவளுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். உனக்கு எழுதுகிறேன். நீ பதில் கேட்கமாட்டாய் என்ற தைரியம்.