தங்கச்சி என்றதை நம்பினேன்

கஹவத்தை
1931 ஆகஸ்டு

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம், ஆனால் சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு மல்லுக்கட்டுகிற உனக்கு வீட்டுத் தொல்லையையும் எழுத வேண்டியிருக்கிறதே, கோபிக்காதே. நம் குடும்பத்தில் முதலில் டீச்சர் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான்தான், ஆனாலும் பெரியவர்கள் நாலு பேர் இருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்துக்குப் புதுக் கணக்கப்பிள்ளையாக வேதமாணிக்கம் என்று ஒருவன் வந்திருக்கிறான். கல்யாணமாகாத ஆள்தான் வேண்டும் என்று துரை சொல்லியிருந்தாராம், அதனால் கூட வந்த ஜெயம்மாவைத் தங்கச்சி, பொங்கிப்போட வந்தவள் என்றான். நானும் நம்பினேன். அடக்கமான பெண்ணாயிற்றே என்று உன் மாமா மாசிலாமணிக்குப் பெண் கேட்டேன். அப்போதாவது வேதமாணிக்கம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பார்ப்போம் டீச்சரக்கா, பார்ப்போம் என்று இழுத்து, கடைசியில் உங்க இஷ்டம் என்றான். வெற்றிலை, சேலை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு பூ வைக்கப் போனோம். பூவைச் செருக நான்தான் அவள் கொண்டையைத் தூக்கினேன். பிடரியில் மஞ்சள் கயிறு. தாலியை ரவிக்கைக்குள் மறைத்திருக்கிறாள். அடியே இது அடுத்தவன் பெண்டாட்டிடி என்று உன் பெரியம்மா போட்ட சத்தம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. இப்போது மாசிலாமணி ரப்பர் பால் வெட்டப் போனால், எங்க தங்கச்சிக்கும் பூ வைக்க வாறியா மாப்புள என்று கேலி பண்ணுகிறான்களாம். அவன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. வேதமாணிக்கத்துக்கு ஒரு கேடும் இல்லை, கணக்கில் கெட்டிக்காரன் என்று துரை வைத்துக்கொண்டார்.

இது போதாதென்று உபதேசியார் போன ஞாயிறு அபிமெலேக்கு ராஜாவின் கதையைப் பிரசங்கம் பண்ணினார். ஆபிரகாம் தன் மனைவி சாராளைச் சகோதரி என்றான், ராஜா நம்பி அவளை அழைத்துக்கொண்டான், கடைசியில் ஆபிரகாம்தான் ராஜாவுக்காக வேண்டுதல் செய்தான், அதுபோல டீச்சரம்மா வருகிற ஞாயிறு அடுத்தவன் மனைவிக்குப் பூ வைத்ததற்குச் சபைக்கு முன் எழுந்து மன்னிப்புக் கேட்கட்டும், வேதமாணிக்கம் அவருக்காக ஜெபிப்பார் என்றார். ராஜா கள்ளமில்லாமல் செய்தான் என்று ஆண்டவரே ஒத்துக்கொண்ட இடத்தை மட்டும் ஏன் விழுங்கினார்? பொய் சொன்னவன் ஜெபிக்க, நம்பினவள் தலைகுனிய வேண்டுமாம். உன் அப்பாவோ, ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துரு, வேலைக்கு வம்பு வரும் என்கிறார்.

நேற்று மத்தியானம் ஜெயம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஏண்டி எனக்கு இப்படிப் பண்ணினாய் என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் கன்னத்து வீக்கத்தைப் பார்த்தேன். கயிற்றை ஒழுங்காக மறைக்கத் தெரியாதா என்று அடித்திருக்கிறான். அண்ணேன்னு கூப்பிடச் சொன்னது அவரு, பூ வைக்க வந்தது நீங்க, என்கிட்ட யாரு கேட்டீங்க டீச்சர் என்றாள். கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தேன். சாராளின் மனசை யாராவது கேட்டார்களா என்று உபதேசியாரும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டால் அவன் பேச்சே சரியென்று ஆகிவிடும், பிறகு இவள் வாய் திறக்க முடியாது. ஞாயிறு நான் எழுந்திருக்கப் போவதில்லை.

அங்கே கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. நீ தொடுகிற நோயாளிகள் குணமாகும்படி கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். ஜெயம்மா இனி அவனோடு இருக்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஆயா வேலை கொடுக்கும்படி உங்கள் மேட்ரனம்மாவிடம் கேட்பாயா? தாலி இருக்கிறது, புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேள்.

உன் அம்மா
சௌந்தரம்