கோமளம் பார்க்கும் இடம்

அவனியாபுரம், மதுரை
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மாவின் அநேக ஆசிகள். இங்கே என் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் டாக்டர் கிழித்த கோட்டுக்குள் நிற்கின்றன. அங்கே நீயும் சுஷ்மாவும் குழந்தை தீப்தியும் அந்தப் பனியில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க மீனாட்சி துணை. நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. கோமளத்தை வெள்ளைத்துரையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வா, இனி எங்களோடேயே இரு என்றாய், நானும் போனில் சரி என்றேன். இப்போது இல்லை என்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

சுஷ்மாவுக்கும் படித்துக் காட்டு, கோமளத்தைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. உன் அப்பா வேலையில் இருந்தபோது கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய் மடையைச் சரிசெய்து கொடுத்தாரே, அந்த ஊர் வெள்ளைத்துரை அதை நினைவில் வைத்திருந்து, அப்பா ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து இந்தக் கன்னி ஜாதி வேட்டை நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். அந்த ஜாதி நாயை அவர்கள் விற்பதில்லை. மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, பெண்ணுக்குச் சீர் தருவதுபோலத் தருவார்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் கொடுத்தவர் வீட்டுக்கே அனுப்ப வேண்டும் என்று சத்தியமும் வாங்குவார்கள். அப்பா அதற்குக் கோமளம் என்று பெயர் வைத்ததில் உன் கோமளம் அத்தை ஒரு வருஷம் நம் வீட்டுப் படி ஏறவில்லை. கம்பங்கூழும் மோரும், வீட்டு வேலைக்கு வரும் இருளாயி பின்கட்டில் அவித்துப் போடும் முட்டையும்தான் ஆகாரம். விலா எலும்பு தெரியத்தான் இருக்க வேண்டும், அதுதான் அந்த நாயின் லட்சணம். ஆனால் தெருவில் போகிறவர்கள், "அய்யர் வீட்டு நாயில்ல, ஏகாதசி விரதம் போல" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கார்த்திகையில் இருளாயி அரிசி டிரம்மை இடம் மாற்றி வைத்தாள். கோமளம் நேராகப் போய் அதில் முட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நுஸைபா என்று ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்துவிட்டு, "மேடம், ரெண்டு கண்ணும் போயி ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், நீங்க கவனிக்கவே இல்லையா?" என்றாள். என்னைப் பார்த்து அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நடந்தது இதுதான். இந்த ஜாதி மோப்பம் பிடித்து ஓடுவதில்லை, கண்ணால் வேட்டையாடுவது. வெறும் வெட்டவெளியைப் பார்த்து நெடுநேரம் நிற்பது அதன் பிறவிக் குணம். கோமளம் தினமும் பிற்பகலில் வாசலில் நின்று எதிரே காய்ந்து கிடக்கும் கண்மாயின் கரையைப் பார்ப்பாள், தலை இடமிருந்து வலமாக மெதுவாக நகரும். நிற்பதைக் கண்டு, பார்க்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். போன தடவை வந்தபோது நீகூட என்ன கூர்மையான கண் அம்மா என்றாயே.

அப்படியானால் குருட்டு நாய் அங்கே எதைப் பார்க்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பும் என்றாள். நான் படித்த கான்வென்டில் பேய் என்ற வார்த்தையைச் சொன்னாலே முட்டி போட வைப்பார்கள். அதனால் நானே சோதித்துப் பார்த்தேன். அவள் காதில் பஞ்சை அடைத்தேன். காற்று நம் வீட்டுப் பக்கமிருந்து கண்மாய்க்கு வீசும் நாளாகப் பார்த்து, வாசனைக்கும் வழியில்லாமல் செய்தேன். தலைக்கு மேலே விமானம் இறங்கியபோதும் அவள் காது அசையவில்லை, தலை மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. யாரோ நடக்கிற வேகத்தில். ஆனால் கரையில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் முகம் கண்மாய்க்கு இந்தப் புறம், நம் ரோட்டுப் பக்கம் இறங்கியிருந்தது.

அப்போதும் நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. டிக்கெட் வந்ததும், கண் தெரியாத நாய் புது இடத்தில் பழகுமா என்று பார்க்க வெள்ளைத்துரை தை மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அங்கே கூழைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வண்டியை விட்டு இறங்கியவள் நேராக வாசல் கேட்டுக்குப் போய் நின்றாள். கழுத்தை உயர்த்தினாள். உயரமான ஒருவர் எதிரே நின்றால் அவர் முகத்தைப் பார்க்க எவ்வளவு உயர்த்த வேண்டுமோ, அவ்வளவு. தலை நகரவே இல்லை. அப்பா உயிரோடு இருந்தபோது அவரைப் பார்த்தால் வால் சுழலும், மூக்கை அவர் முழங்காலுக்கு நடுவே செருகுவாள். இப்போது வால் கால்களுக்கு இடையில் இருந்தது. நான் கேட்டைச் சாத்தப் போனேன், அவள் என் முன்னால் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். மறுநாள் முதல் இருளாயி பின்வழியாகத்தான் வருகிறாள். ஏன் என்றேன். "நீங்க இங்கிலீசு படிச்சவுக, உங்களுக்கு ஒண்ணுமில்லாம இருக்கலாம். எனக்குப் புள்ளகுட்டி இருக்குத்தா" என்றாள்.

கோமளம் வீட்டில் இல்லாத ஒரு ராத்திரியில், அவள் பார்த்துக்கொண்டிருந்த அது கரையை விட்டு இறங்கியது. ஒரு வாரம் இல்லாதபோது கேட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு முறை நடந்ததைத் தற்செயல் என்று தள்ளுகிற ஆள் நான் இல்லை. அவளுக்கும் பதினொரு வயதாகிறது. அதனால் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு, நாயைத் திருப்பித் தரவில்லை, இன்னொன்று வேண்டும் என்றேன். சிரித்தார். "என்னம்மா, சீர் பத்தலையா?" என்றார். நேற்றுப் பிற்பகல் ஒரு பெண் குட்டியோடு வந்தார். பளிங்கு மாதிரிக் கண். கூடம் முழுக்க ஓடி, என் செருப்பைக் கடித்து, கோமளத்தின் வாலை இழுத்தது. "பாருங்க, மாமியாக்காரியும் மருமகளும் இப்பவே ஆரம்பிச்சுட்டாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். குட்டி கோமளத்தின் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு கழுத்தும் ஒரே சமயத்தில், ஒரே உயரத்துக்கு எழும்பின. வெள்ளைத்துரை கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா வந்திருக்காக?" என்றார். யாரும் இல்லை, காபி ஆறுகிறது குடியுங்கள் என்றேன்.

பத்ரி, அம்மாவுக்குத் தனிமையில் புத்தி பேதலித்துவிட்டது என்று நீயும் சுஷ்மாவும் பேசிக்கொள்வீர்கள். பேசிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அது யார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. ஆனால் யாரைத் தேடி வருகிறது என்பது தெரியும், ஏனென்றால் கோமளம் குறுக்கே நிற்பது எனக்கு முன்னால் மட்டும்தான். நான் விமானம் ஏறி வந்துவிட்டால் அது இந்தக் கேட்டிலேயே நின்றுவிடும் என்று யார் சொல்ல முடியும்? அங்கே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குக் காட்ட யார் இருக்கிறார்கள்? உன் வீட்டில் தீப்தி இருக்கிறாள். அவளுக்கு நான்கு வயது.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. மூவரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்கு வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல். கூப்பிடுவதானால் காலையில் கூப்பிடு, பிற்பகலில் நான் வாசலில் இருப்பேன்.

உன் அம்மா,
ஜகதாம்பாள் வெங்கட்ரமணன்