தரையில் ஒரு சொட்டுகூட விடவில்லை

பாத்தாம்,
2 ஜனவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? புண் வயிறு உங்களுக்கு. விடியலுக்கு முன் கொஞ்சமாவது சாப்பிட்டுவிட்டுப் பிடியுங்கள். இங்கே இந்தத் தீவில், தொழிற்சாலை விடுதியில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். பூனை வளர்க்க விடமாட்டார்கள் என்றுதான் கெம்புலை உங்களிடம் விட்டேன். என் கணவர் ஹர்யோ போனபின் என்னோடு இருந்த உயிர் அது ஒன்றுதான், உங்களுக்கே தெரியும்.

ஒரே ஒரு வேண்டுதல். பெருநாளுக்கு வீடு கழுவும்போது ஃபினாயில் ஊற்றித் தரை துடைக்காதீர்கள். பூனை பாதத்தை நக்கும்; அது அப்படியே வயிற்றுக்குள் போய்விடும். எங்கள் பழைய தெருவில் மூன்று பூனைகள் அப்படித்தான் செத்தன. "மனுசனுக்கு வாசனை, பூனைக்கு விஷம்மா" என்றார் கால்நடை டாக்டர். சோப்புத் தண்ணீர் போதும் அக்கா.

உங்கள் முர்த்தினி

ஸெமாராங்,
10 ஜனவரி 1998

அடி முர்த்தி,

என்னைப் பற்றி இரண்டு வரி, பூனையைப் பற்றி ஒரு பக்கம். நல்லா இருடி! உன் மகராசன் நோன்பு பிடிப்பதில்லை. மத்தியானம் மீன் வைக்காவிட்டால் என் கைலியைப் பிடித்து இழுக்கிறான். நேற்று தொழுகை விரிப்பில் ஏறிப் படுத்துக்கொண்டு, விரட்டினால் என்னையே முறைக்கிறான்.

ஃபினாயில் வாசனை இல்லாமல் பெருநாள் வீடா? போன வாரம் பக்கத்து வீட்டு ஸுமியாதி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, பூனை நாத்தம் கொடலப் புடுங்குது" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். மானம் போயிற்று. சரி, நீ சொல்லிவிட்டாய். தரையில் ஒரு சொட்டும் விடமாட்டேன், போதுமா?

அக்கா ரத்னிங்சி

ஸெமாராங்,
4 பிப்ரவரி 1998

முர்த்தி,

பெருநாள் முடிந்து ஐந்து நாளாகிறது. எப்படி எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். கெம்புல் போய்விட்டான்.

என்மேல் பாயாதே, முதலில் கேள். தரையில் ஒரு சொட்டுகூட விடவில்லை, சத்தியம். பெருநாளுக்கு முந்தின நாள் அவனைக் குளிப்பாட்டினேன். ஆட்கள் வந்து போகும் வீடு, நாற்றம் இருக்கக்கூடாதே என்று வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஃபினாயில் ஊற்றினேன். நீ தரையைத்தானே சொன்னாய்? துவட்டியபோது அவ்வளவு வாசனையாக இருந்தான். அப்புறம் உடம்பெல்லாம் நக்கினான். சாயங்காலம் எச்சில் வடிந்தது, கால் நடுங்கியது. அடுப்பில் ஓலைக்கூட்டில் வேகும் கேதுபாத் சோறு, வீடு நிறையச் சனம். சரியாகிவிடும் என்று நினைத்தேன். காலையில் தொழுதுவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நானும் அழுதேன். ஆனாலும் ஒரு பூனைதானே, வேறு குட்டி பிடித்துத் தருகிறேன்.

இன்னொன்று. பெருநாளுக்கு மன்னிப்புக் கேட்டு நீ எழுதும் கடிதம் இந்த வருஷம் வரவில்லை. சின்னவர்கள் பெரியவர்களிடம் கேட்பதுதானே முறை? "ஒங்க தங்கச்சி எழுதலியா?" என்று ஸுமியாதி கேட்டபோது நான் என்ன சொல்வேன்? இப்போதாவது எழுது.

அக்கா

பாத்தாம்,
13 பிப்ரவரி 1998

அக்கா,

வருஷா வருஷம் செய்த தப்புக்கும் செய்யாத தப்புக்கும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இந்த வருஷமும் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன். ஓவர்டைமில் தபாலில் சேர்க்க முடியவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் கிழித்துப் போட்டேன்.

அவன் நடுங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். விஷம் என்று நான் எழுதியது உங்கள் கையில் இருந்தது. நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடத் தோன்றவில்லையா? டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றவில்லையா? சோறு குழைந்துவிடும் என்று இருந்துவிட்டீர்கள்.

குட்டி வேண்டாம். இந்த ஒரு தடவை நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஒரு வரி போதும். அது வராமல் நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன்.

முர்த்தினி

ஸெமாராங்,
25 பிப்ரவரி 1998

முர்த்தினிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரியவள் சின்னவளிடம் கேட்பது நம் வீட்டில் கிடையாது. அம்மா நம்மை அடித்த அடிக்கெல்லாம் ஒரு நாளாவது கேட்டாளா? நான் ஆரம்பித்துவைக்க முடியாது.

நீ இங்கே விட்டுப்போன துணிப்பெட்டியைக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்தது என்று எழுத வேண்டாம்.

ரத்னிங்சி