ஒற்றை விசில்

தளம் போட்ட ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். ஏழு தடவை போன் அடித்தேன். ஆறு தடவை நீ எடுக்கவில்லை, ஏழாவது தடவை போனையே அணைத்து வைத்துவிட்டாய். மணல் லாரிக்காரர் உன் புது வேலையிடத்துக்கு லோடு கொண்டுபோகிறார் என்று தெரிந்ததால் அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்துப் பதில் எழுதிக் கொடுக்கிறவரை நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மனுஷன் உடனே சரி என்றார். என்னிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு மட்டும் தைரியம் வந்துவிடுமா என்ன?

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. படியெல்லாம் வழுக்குகிறது. அத்தானுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி இறங்கி முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள் என்றால், வீட்டுக்குள் நுழைந்ததும் வலி போய்விடுகிறது என்கிறார். உன் மருமகள் பள்ளிக்கூடத்தில் வீட்டு மனிதர்களை வரையச் சொன்னார்களாம். உன்னைக் கான்கிரீட் ஊற்றுகிற ரப்பர் ஓஸோடு வரைந்திருக்கிறாள். ஓஸ் பெரிதாகவும் நீ விரல் அளவுக்கும் இருக்கிறீர்கள். என்னை வாயை மட்டும் பெரிதாக வரைந்திருக்கிறாள். சிரித்துக்கொள்.

சிரித்தது போதும். சிமென்ட் பால் எங்கே போனது?

தெரியாதவன் மாதிரி கிளம்பிப் போய்விட்டதால் உனக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரி கட்டுகிற பாறைக்கு லாரி ஏறாது. சாலை முடிகிற இடத்தில் என் மெஷின் நிற்கிறது. நான் கலக்குகிறேன், பம்ப் தள்ளுகிறது, படியோரக் குழாயில் ஏறிவந்து மேலே நீ பிடித்திருக்கிற ஓஸில் விழுகிறது. காய்ந்த குழாயில் எடுத்த எடுப்பில் கான்கிரீட்டை விட்டால் நடுவழியில் அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் வெறும் சிமென்ட்டைத் தண்ணீராகக் கரைத்துக் குழாயை நனைக்க அனுப்புகிறோம். அந்தப் பாலை மேலே டிரம்மில் பிடித்துப் பாறையில் கொட்ட வேண்டும். ஜல்லியும் மணலும் இல்லாத அந்தத் தண்ணீர்ப் பால் பீமுக்கு அச்சாக அடித்த பலகைக்குள் போகவே கூடாது. போனால் அந்த இடம் பார்வைக்கு மட்டும்தான் கான்கிரீட்.

தளம் போட்ட அன்று இரண்டு மூட்டைக்குப் பால் அனுப்பினேன். தளம் போட்ட பிறகு நேற்றுத்தான் முதன்முதலாக மேலே ஏறினேன். போன மாதம் தூண் போட்டபோது நீ கொட்டிய பால் பாறையில் சாம்பல் திட்டாக இறுகிக் கிடக்கிறது. புதுத் திட்டு எங்கேயும் இல்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிரம் மட்டும் நூறாம் படிக்குக் கீழே புதருக்குள் நசுங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு பொட்டுச் சிமென்ட் இல்லை.

டிரம் உருண்டு ஓடியிருக்கிறது. அதற்குள் பால் வந்துவிட்டது. நீ ஓஸை எந்தப் பக்கம் திருப்பினாய்? உன் கையில் விசில் இருந்ததே. இரண்டு விசில் என்றால் அனுப்பு, நீளமாக ஒற்றை விசில் என்றால் நிறுத்து. அன்று முழுக்க மேலேயிருந்து ஒரு ஒற்றை விசில்கூட வரவில்லை. தம்பி தேறிவிட்டான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தளம் போட்ட நாலாம் நாளே வேறு வேலை கிடைத்துவிட்டது என்று பையைத் தூக்கினாயே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மொத்தம் பதினோரு பீம். மழையால் பக்கப் பலகையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருகிற சனிக்கிழமை பதினாலாம் நாள். அன்று தளத்தைத் தாங்குகிற முட்டுகளைத் தட்டி எடுக்கப் போகிறவர் உன் அத்தான். அவர்தான் சுத்தியலோடு அடியில் நிற்பார்.

இன்ஜினியரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு எந்தப் பம்ப்காரரும் உன்னை ஓஸ் நுனியில் நிறுத்த மாட்டார். அத்தானிடமும் சொல்லவில்லை. வாய் கிழியப் பேசுகிறவள்தான் நான், உன்னைக் காட்டிக்கொடுக்க மட்டும் நாக்கு எழவில்லை. காரணமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். எந்த பீம் என்று ஒரே வரி எழுதிக் கொடு.

பதிலுக்காக வழி பார்த்திருக்கும்,
உன் அக்கா

*

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை

தம்பிக்கு,

லாரிக்காரர் நேற்று வெறுங்கையோடு வந்து நின்றார். நீ நின்றபடியே கடிதத்தை இரண்டு தடவை படித்தாயாம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அத்தான் என்னைக்கு முட்டு எடுக்கிறாரு?” என்று மட்டும் கேட்டாயாம். சனிக்கிழமை என்று அவர் சொன்னதும் சாரத்தில் ஏறியவன் இறங்கவே இல்லையாம். இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்.

இதுவரை எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. டிரம் விழுந்தாலும் நீ வேறு எங்காவது கொட்டியிருப்பாய், நான்தான் கண்ணில் படாமல் விட்டிருப்பேன் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் நீ இல்லாமல் செய்துவிட்டாய்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று அத்தான் கேட்டபோது பல்வலி என்று சொல்லி வைத்தேன். மனுஷன் வீங்கின முழங்காலோடு கடைத்தெரு வரை நடந்துபோய்க் கிராம்பு வாங்கி வந்தார். இரண்டு நாளாக இல்லாத பல்வலிக்குக் கிராம்பு மென்றுகொண்டிருக்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து சுத்தியலுக்குப் புதுக் கைப்பிடி செதுக்குகிறார். வலி எப்படி இருக்கு, வலி எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே செதுக்குகிறார். நான் தலையை ஆட்டுகிறேன். பாவி, உன்னால் நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறேன்.

லாரிக்காரருக்கு நாளை மறுபடியும் அந்தப் பக்கம் லோடு இருக்கிறது. சாயங்காலம் திரும்பிவிடுவார். இந்தக் காகிதத்தின் பின்பக்கம் பதினோரு பீமையும் கோடாகப் போட்டிருக்கிறேன். வாசல் எது, கிணற்றுப் பக்கம் எது என்று குறித்திருக்கிறேன். எழுதக் கூச்சமாக இருந்தால் எழுத வேண்டாம். ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் முட்டுகளைத் தட்ட ஆரம்பிப்பார். உன் காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்.

அக்கா

*

பதினாறாம் நாள், திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் நன்றாக இருக்கிறார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலில் எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொண்டு மிச்சத்தைப் படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரிக்காரர் வந்து, நீ வேலைக்கே வரவில்லை, கடிதத்தை உன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன் என்றார். அதன் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் சொல்லலாம், படியேறும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவரோடு இருநூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினேன். எனக்கு மேலே என்ன வேலை என்று அவர் கேட்டதற்குச் சும்மா என்றேன்.

எட்டு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசல் பீமுக்கு அடியில் போய் நின்றார். புதுக் கைப்பிடி போட்ட சுத்தியலை ஓங்கினார். எனக்கு எப்படி நடந்தேன் என்றே தெரியவில்லை, நேரே போய் அவர் பக்கத்தில் அந்த பீமுக்குக் கீழேயே நின்றுகொண்டேன். “தள்ளிப் போ, விளையாடாதே” என்றார். தட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்து வைத்துத் தட்டுங்கள் என்றேன். கம்பி கட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், சுத்தியலைக் கீழே வைத்தார். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பால் ஏதோ ஒரு பீமுக்குள் போயிருக்கிறது, எது என்று எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். “எத்தனை நாளா உனக்குத் தெரியும்?” என்றார். ஆறு நாளாக என்றேன். “அப்போ பல்வலி?” என்றார். போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை தம்பி. அவர் உயிரைவிட உன் பேர் எனக்குப் பெரிதாகிவிட்டதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். கேட்கவில்லை.

இன்ஜினியர் வந்து எந்த முட்டிலும் கை வைக்கக் கூடாது என்றார். பக்கப் பலகைகளை மட்டும் பிரித்து, வெளியே நின்றபடி ஒவ்வொரு பீமாகத் தட்டிப் பார்த்தார்கள். பத்து பீம் கணீர் என்றது. பதினோராவது பொத்தென்றது. உள்ளங்கை அளவுக்குச் சில்லு பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் இன்ஜினியர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், விரல் நீளத்துக்கு உள்ளே போனது. எந்த பீம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அடியில் நின்ற அதே வாசல் பீம். நாளைக்கு நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நுழைகிற வாசல்.

யார் செய்த வேலை என்று இன்ஜினியர் கேட்டார். ஓஸைப் பிடித்திருந்தது என் தம்பி, அவனை அப்படிப் பிடிக்க வைத்தது நான் என்றேன். உன்னைக் காப்பாற்றச் சொன்ன பேச்சில்லை அது. தூண் போட்ட அன்று பலகை பிதுங்குகிறது என்று நீ ஒற்றை விசில் ஊதினாய். நிறுத்தினோம். அதற்குள் குழாயில் இருந்தது இறுகி, நாற்பது குழாயையும் கழற்றித் தட்டும்படி ஆகிவிட்டது. நான் மேலே ஏறி வந்து அத்தனை பேர் முன்னால் உன்னை என்ன சொன்னேன்? “இனிமே ஒத்த விசில் கேட்டுச்சு, அப்படியே வீட்டுக்குப் போயிடு” என்றேன். நீ ஊதியதுதான் சரி. அன்று நீ ஊதாமல் இருந்தால் பலகை வெடித்து ஆள் போயிருக்கும். அது தெரிந்தும் கத்தினேன், கத்தியதை மறந்தும் போனேன். நீ மறக்கவில்லை. டிரம் உருண்டபோது விசிலை வாயில் வைத்திருப்பாய், என் குரல் காதில் விழுந்திருக்கும், எடுத்துவிட்டிருப்பாய்.

ஆனாலும் நீ செய்தது தப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அது பெரிய தப்பு. அதில் மட்டும் நாம் இரண்டு பேரும் சமம்.

வாசல் பீமை உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். வருகிற வியாழக்கிழமை குழாய் பூட்டுகிறார்கள். ஓஸ் நுனிக்கு யார் என்று பேச்சு வந்தது. அந்த ஆள் முதலில் நேரில் வந்து நடந்ததைத் தன் வாயால் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் இன்ஜினியர். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

அத்தான் வீட்டில் என்னிடம் பேசாமல் இருந்தார். நேற்று இரண்டு டிரம்மை மேலே சுமந்து போய், பாறையில் துளை போட்டு, கம்பி அடித்து, உருளாதபடி கட்டினார். யாருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். “உன் தம்பிக்குத்தான், வேற யாருக்கு?” என்றார். இரண்டு நாளில் என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

நீ போனபோது விசிலை அதை மாட்டுகிற ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாய். பழைய கயிறு இற்றுப்போயிருந்தது, மாற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம், வந்து சேர். இனிமேல் கத்த மாட்டேன் என்று உனக்குப் பொய்ச் சத்தியம் செய்து தரமாட்டேன். நான் கத்துவேன், என் பிறவி அப்படி. நிறுத்த வேண்டிய இடத்தில் நீ ஒற்றை விசிலை ஊது. நான் கத்தக் கத்த ஊது. கீழே மெஷின் நிற்கிறவரை வாயிலிருந்து எடுக்காதே.

பத்திரமாக வா. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

உன் அக்கா